வார்ப்புருவும் வேகமும்: பி.எச்.பி. மொழியின் கதை

2008-ஆம் ஆண்டுவாக்கில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிறிய இணைய இதழை நடத்திக்கொண்டிருந்தோம். மாதம் ஒருமுறை ஐந்தாறு கதைகள், சில கவிதைகள், ஒரு கட்டுரை. முகப்பில் ஒவ்வொரு படைப்பின் தலைப்புக்குக் கீழும் அதன் தொடக்க வரிகள் கொஞ்சம் தெரியும். மீதியைப் படிக்க உள்ளே போகவேண்டும். ஒருநாள் கவிஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "முகப்பில் என் கவிதையின் கடைசி எழுத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. நான் அந்தக் கவிதையில் கேள்வி எதுவும் கேட்கவில்லையே?" என்றார். போய்ப் பார்த்தேன். கறுப்பு வைர வடிவத்துக்குள் ஒரு வெள்ளைக் கேள்விக்குறி. அவர் சொன்னது சரிதான்.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து, நாங்கள் இடம் வாடகைக்கு எடுத்திருந்த வழங்கியில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். கேள்விக்குறிகள் மறைந்தன. கூடவே பல படைப்புகளின் முன்னோட்ட வரிகளும் முழுதாக மறைந்தன. தலைப்பு இருந்தது, ஆசிரியர் பெயர் இருந்தது, நடுவே வெற்றிடம். முன்னேற்றம் என்பது சில சமயம் இப்படித்தான் வருகிறது.

இந்தச் சின்னஞ்சிறு பிழையின் வேரைத் தேடிப் போனபோது நான் வந்துசேர்ந்த இடம், இன்றைய இணையத்தின் பெரும்பகுதியை எழுதித் தரும் பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் வரலாறு. அதில் இரண்டு வகைக் கருவிகளின் கதைகள் பக்கத்துப் பக்கமாக ஓடுகின்றன. பக்கத்தின் தோற்றத்தைக் கணக்கு வேலையிலிருந்து பிரித்துத் தரும் வார்ப்புருக் கருவிகள் ஒரு பக்கம். அதே பக்கத்தை இன்னும் விரைவாகப் பரிமாற உதவும் வேகக் கருவிகள் மறுபக்கம். இரண்டுமே பெரும்பாலும் திறமூல மென்பொருள்கள். ஊதியமில்லாமலோ வேலைநேரம் போகவோ எழுதப்பட்டவை. இரண்டின் வெற்றியும் சுவையான கதைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே நழுவி விழுந்த மூன்றாவது ஒன்று உண்டு. கவிஞரின் கேள்விக்குறி அங்கிருந்து வந்தது.

வார்ப்புருவாகப் பிறந்த மொழி

வார்ப்புரு என்ற சொல்லை நம்மில் பலர் தமிழ் விக்கிப்பீடியாவில்தான் முதலில் பார்த்திருப்போம். பொருள் எளியது. திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடைகளில் வாசகம் தயாராக இருக்கும். மணமக்கள் பெயர், நாள், மண்டபம் ஆகிய இடங்கள் மட்டும் காலி. ஆயிரம் திருமணங்களுக்கு ஒரே வாசகம்; மாறுவது காலியிடங்களில் வந்து உட்காரும் பெயர்கள். அந்த வாசகம்தான் வார்ப்புரு.

பி.எச்.பி. பிறந்ததே இப்படி ஒரு வார்ப்புருவாகத்தான். கிரீன்லாந்தில் பிறந்து, டென்மார்க்கிலும் கனடாவிலும் வளர்ந்து, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், 1994-இல் தன்னைப் பற்றிய விவரங்களை இணையத்தில் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறிய சி மொழியில் சில சிறு நிரல்களை எழுதினார். அவற்றுக்கு 'பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்' என்று பெயர் வைத்தார். அதன் முதலெழுத்துகளே பி.எச்.பி. 1995 ஜூன் 8 அன்று அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். ஒரு நிரல்மொழியை உருவாக்கும் எண்ணம் தனக்கு இருந்ததே இல்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்து வலைநிரல்கள் பெர்லிலோ சியிலோ எழுதப்பட்டவை. பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் நிரலே அச்சிட்டுத் தரவேண்டும். ஒரு தலைப்பின் நிறத்தை மாற்றவேண்டுமானாலும் நிரலுக்குள் புகவேண்டும். லெர்டார்ஃபின் கருவி இதைத் தலைகீழாக்கியது. பக்கம் பக்கமாகவே இருக்கும். அதில் ஆங்காங்கே காலியிடங்கள். அந்த இடங்களில் மட்டும் நிரல். அதுவரை நிரலின் வயிற்றுக்குள் பக்கம் இருந்தது. இப்போது பக்கத்தின் வயிற்றுக்குள் நிரல் வந்தது. கணினி அறிவியல் படிக்காதவரும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய எளிமை அதில் இருந்தது.

1997-இல் இஸ்ரேலில் ஆண்டி குட்மன்ஸ், ஜீவ் சுராஸ்கி என்ற இரு மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றுக்காக இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். போதவில்லை. லெர்டார்ஃபின் ஒப்புதலோடு அடிப்படையிலிருந்தே திருத்தி எழுதினார்கள். 1998 ஜூனில் பி.எச்.பி. 3 வெளிவந்தது. ஜீவ், ஆண்டி ஆகிய இருவர் பெயரையும் கலந்து 'ஜெண்ட்' என்று பெயரிட்ட புதிய எந்திரத்தோடு 2000 மே மாதம் பி.எச்.பி. 4 வந்தது. வார்ப்புருவாகப் பிறந்த பிள்ளை மொழியாக வளர்ந்துவிட்டது.

வார்ப்புருவின் மேல் வார்ப்புரு

வளர்ந்த பிள்ளையின் குறும்புகளும் வளர்ந்தன. பக்கத்துக்குள் நிரல் வைக்கலாம் என்றால் எவ்வளவு வைக்கலாம்? தரவுத்தளத்தில் கேள்வி கேட்பது, வரியைக் கணக்கிடுவது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, அட்டவணைக்குக் கோடு போடுவது எல்லாம் ஒரே கோப்பில் வந்து குவிந்தன. பெரிய அலுவலகங்களில் பக்கத்தை வடிவமைப்பவர் ஒருவர், நிரல் எழுதுபவர் இன்னொருவர். வடிவமைப்பாளர் ஓரெழுத்தைத் தவறித் தொட்டால் கடை மூடிக்கொள்ளும். நிரலர் ஒரு வரியைத் திருத்தினால் பக்கம் கோணிக்கொள்ளும். பக்கத்தைத் தொடும் உரிமை யாருக்கு? நிரலர்களின் மடல் குழுக்களில் இந்தக் கேள்வி ஓயாமல் எழுந்தது.

பெர்லிலிருந்து வந்த ஃபாஸ்ட் டெம்ப்ளேட், பி.எச்.பி.லிப் என்ற நூலகத்தின் வார்ப்புருப் பகுதி ஆகியவை தொடக்ககால விடைகள். வார்ப்புருக் கோப்பில் பெயர்களுக்கான காலியிடங்கள் மட்டும் இருக்கும். அந்தக் கோப்பை ஒவ்வொரு முறையும் படித்து, தேடி, நிரப்பித் தரவேண்டும். ஒழுங்கு வந்தது, மந்தமும் கூடவே வந்தது.

மாண்டி ஓர்ட், ஆண்ட்ரே ஸ்மியேவ்ஸ்கி ஆகிய இருவரும் 1999-இன் இறுதியில் இதற்கு ஒரு விடை தேடத் தொடங்கினார்கள். முதலில் சி மொழியில் எழுதி, பி.எச்.பி.யின் உள்ளேயே சேர்த்துவிட நினைத்தார்கள். தொழில்நுட்பத் தடைகள் வந்தன. வார்ப்புருக் கருவி எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்ற சூடான விவாதமும் மூண்டது. ஆகவே அதைப் பி.எச்.பி.யிலேயே எழுதினார்கள். முதல் வடிவம் ஒவ்வொரு முறையும் வார்ப்புருவைப் புதிதாகப் படித்ததால் மந்தமாக இருந்தது. அப்போது ஸ்மியேவ்ஸ்கிக்கு ஓர் எண்ணம் வந்தது. வார்ப்புருவை ஒரே ஒருமுறை படித்து, அதைச் சாதாரணப் பி.எச்.பி. நிரலாக மொழிபெயர்த்து வட்டில் எழுதிவைத்துவிட்டால்? அடுத்தமுறை அந்த மொழிபெயர்ப்பை ஓட்டினால் போதும். இப்படிப் பிறந்ததுதான் ஸ்மார்ட்டி. 2001-இல் புழக்கத்துக்கு வந்து, அந்தப் பத்தாண்டில் மிகப் பெரிதாகப் பரவிய வார்ப்புருக் கருவிகளில் ஒன்றாயிற்று.

நெளிவு அடைப்புக்குறிக்குள் பெயரை எழுதினால் அது நிரம்பும். பட்டியல் வேண்டுமென்றால் சுழற்சிக் கட்டளை. நிபந்தனை வேண்டுமென்றால் அதற்கும் கட்டளை. கணக்குப் போட ஒன்று, வேறு கோப்பைச் சேர்க்க ஒன்று, எழுத்தைப் பெரிதாக்க, நீண்ட வாக்கியத்தை வெட்ட என்று வரிசையாகக் கட்டளைகள். போதாதென்று, வார்ப்புருவுக்குள்ளேயே நேரடியாகப் பி.எச்.பி. எழுத இடம்தரும் கட்டளையும் ஒன்று இருந்தது! எதை வாசலுக்கு வெளியே நிறுத்தத்தான் வீட்டைக் கட்டினார்களோ அதற்குப் பின்வாசலையும் அவர்களே வைத்துக் கொடுத்தார்கள். 2010-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அந்தக் கதவைச் சாத்த முனைந்தார்கள்.

எதிர்வாதம் சும்மா இருக்குமா? பால் ஜோன்ஸ் எழுதிய சாவண்ட் போன்ற கருவிகள் ஒரு நியாயமான கேள்வியை முன்வைத்தன. பி.எச்.பி.யே ஒரு வார்ப்புரு மொழிதானே? அதன்மேல் இன்னொரு மொழியை ஏற்றி, அதற்கும் இலக்கணம் கற்பித்து, பிறகு அதைப் பி.எச்.பி.யாக மொழிபெயர்ப்பது எதற்கு? நிரலைத் தனிக் கோப்பிலும் பக்கத்தைத் தனிக் கோப்பிலும் வைக்கும் கட்டுப்பாடு இருந்தால் போதாதா? 2005-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 1.5 இந்தக் கட்சியைச் சேர்ந்தது. அதன் தோற்றக் கோப்புகள் இன்றுவரை பெரும்பாலும் நேரடிப் பி.எச்.பி.யில்தான் எழுதப்படுகின்றன.

இரு கட்சிக்கும் வெளியே நின்று சிந்தித்தவர் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் டெரென்ஸ் பார். வார்ப்புருவுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்பதை 2004-இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் முறையாக வரையறுத்தார். ஒரு மதிப்பை இட்டு நிரப்புதல், ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு பகுதியைச் சேர்த்தல், வார்ப்புருவுக்குள் வார்ப்புருவை அழைத்தல், பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் வார்ப்புருவைப் பொருத்துதல். இந்த நான்கும் போதும் என்பது அவர் தரப்பு. கணக்கிடும் உரிமையை வார்ப்புருவுக்குக் கொடுத்தால் அது மெல்ல மெல்ல முழு நிரல்மொழியாகிவிடும் என்று அவர் கருதினார். பி.எச்.பி.யின் சொந்த வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

கலைக்கப்படும் அச்சு

இனி வேகத்தின் கதை. இதைச் சொல்ல அச்சுக்கூடத்துக்குள் போகவேண்டும்.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த நாட்களில், பக்கம் அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அவற்றின் அறைகளில் திரும்பப் போடுவார்கள். மறுபதிப்பு வரும் என்று தெரிந்தால் மட்டும் கோத்த பக்கத்தைக் கலைக்காமல் கயிற்றால் கட்டி ஓரமாக வைப்பார்கள். பி.எச்.பி. முதல் வகை அச்சுக்கூடம், அதிலும் விசித்திரமானது. ஒரு வாசகர் பக்கத்தைக் கேட்டதும் நிரலைப் படிக்கும், தனக்குப் புரியும் இடைநிலைக் கட்டளைகளாக மாற்றும், ஓட்டும், பக்கத்தைக் கொடுக்கும், பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிடும். அடுத்த நொடியில் இன்னொரு வாசகர் அதே பக்கத்தைக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு பிரதிக்கும் ஒருமுறை அச்சுக் கோத்துக் கலைக்கும் அச்சகம்!

இது முழுக்கக் குறையும் இல்லை. ஒரு வாசகருக்காக நடந்த தவறு அடுத்தவருக்குத் தொற்றாது. நினைவகத்தில் குப்பை சேராது. கற்றுக்குட்டி எழுதிய நிரலும் ஊரைக் கெடுக்காது. மலிவு வாடகை வழங்கிகளில் நூறு பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள முடிந்ததற்கு இந்த மறதி ஒரு பெரிய காரணம். கூட்டம் பெருகியபோதுதான் மறதியின் விலை தெரிந்தது.

ஆகவே கோத்த அச்சைக் கலைக்காமல் வைக்கும் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. இடைநிலைக் கட்டளைகளை நினைவகத்தில் சேமித்து, அடுத்த வாசகருக்கு அப்படியே ஓட்டுவதுதான் அவற்றின் வேலை. ஜெண்ட் நிறுவனம் ஒன்றை விலைக்கு விற்றது. திறமூலத்தில் டேனியல் கவ்கில், ஜார்ஜ் ஷ்லாஸ்நேகிள் ஆகியோர் தொடங்கிய ஏ.பி.சி. பரவியது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமித்ரி ஸ்டோகோவ் என்பவர் டர்க் எம்.எம்.கேஷ் என்ற கருவியை எழுதினார். அவரை ஜெண்ட் நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொள்ள, கைவிடப்பட்ட கருவியை ஆர்வலர்கள் எடுத்து 2004-இன் இறுதியில் ஈ-ஆக்ஸிலரேட்டர் என்று வளர்த்தார்கள். எக்ஸ்-கேஷ் என்று இன்னொன்றும் இருந்தது. கட்டளைகளோடு தரவையும் நினைவகத்தில் வைக்க, லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003-இல் உருவாக்கிய மெம்-கேஷ்டி உதவியது. மூல நிரலில் ஒரு வரியும் மாற்றாமல் கட்டளைச் சேமிப்புக் கருவி ஒன்றை நிறுவினாலே பல தளங்களுக்கு மூச்சு வந்தது.

மிகப் பெரிய பசி ஃபேஸ்புக்குக்கு. 2004-இல் பி.எச்.பி.யில் தொடங்கிய தளம் அது. ஹைபிங் ஜாவோ தலைமையில் அதன் பொறியாளர்கள் எழுதிய ஹிப்ஹாப் என்ற கருவி 2010 பிப்ரவரியில் திறமூலமாக வெளிவந்தது. பி.எச்.பி. நிரல் முழுவதையும் சி++ மொழிக்குப் பெயர்த்து, அதை எந்திர மொழியாகத் தொகுத்துவிடும். தங்கள் வழங்கிகளின் கணிப்புச் சுமை சராசரியாக ஏறக்குறைய பாதி குறைந்ததாக அறிவித்தார்கள். ஆனால் தளம் முழுவதும் ஒரே ராட்சதக் கோப்பாகிவிட்டது. அளவு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டியது. அதை ஆயிரக்கணக்கான வழங்கிகளுக்கு அனுப்ப பிட்டாரன்ட் முறையைக் கையாண்டார்கள். பிறகு ஓடும்போதே எந்திர மொழிக்கு மாற்றும் எச்.எச்.வி.எம். என்ற எந்திரத்தைக் கட்டினார்கள். 2014-இல் விக்கிப்பீடியாவும் அதற்கு மாறியது. பக்கங்களைத் தொகுத்துச் சேமிக்க ஆகும் நேரம் ஏறத்தாழப் பாதியானது.

இரண்டு ஆறுகள் கலந்த இடம்

இப்போது இரு வகைக் கருவிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வேகக் கருவிகளில் வென்றவை கண்ணுக்குத் தெரியாமல் போனவை. ஜெண்ட் தன் கருவியை 2013-இல் திறமூலமாக்கியது. அது ஓப்கேஷ் என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனில் வந்த பி.எச்.பி. 5.5-இன் உள்ளேயே சேர்ந்தது. ஏ.பி.சி.யும் ஈ-ஆக்ஸிலரேட்டரும் தேவையற்றுப் போயின. ஹிப்ஹாப்பின் சவாலுக்கு விடையாக, அதே ஸ்டோகோவ், சின்சென் ஹுய், நிகிதா பாபோவ் ஆகிய மூவரும் மொழியின் எந்திரத்தையே பிரித்துக் கட்டினார்கள். ஓடும்போதே எந்திர மொழிக்கு மாற்றுவதை ஸ்டோகோவ் முதலில் முயன்று பார்த்தார். வேர்ட்பிரஸ் போன்ற உண்மையான தளங்களில் அது பெரிதாக உதவவில்லை. நேரம் நினைவகத்தில் வீணாகிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு மதிப்பை வைக்கும் பெட்டியை 24 பைட்டிலிருந்து 16-ஆக, பட்டியலின் ஓர் அறையை 72 பைட்டிலிருந்து 32-ஆகச் சுருக்கினார்கள். 2015 டிசம்பரில் பி.எச்.பி. 7 வந்தபோது பழைய நிரல்கள் பலவும் திருத்தமில்லாமலே ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் ஓடின. எச்.எச்.வி.எம். 2019-இல் பி.எச்.பி.யை ஆதரிப்பதை நிறுத்தி, ஃபேஸ்புக்கின் சொந்த மொழியான ஹேக்குக்கு மட்டும் என்றாயிற்று. விக்கிப்பீடியா அதே ஆண்டு பி.எச்.பி. 7-க்குத் திரும்பியது.

வார்ப்புருக் கருவிகளில் வென்றதற்குக் காரணம் வேறு. வடிவமைப்பாளரையும் நிரலரையும் பிரிப்பது என்ற பழைய வாதம் மெல்லத் தேய்ந்தது. அதன் இடத்தில் பாதுகாப்பு வந்து உட்கார்ந்தது. வாசகர் தட்டச்சு செய்த பெயரை அப்படியே பக்கத்தில் வைத்தால், அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் தீய நிரலும் ஓடும். ஒவ்வொரு இடத்திலும் அதை மறக்காமல் வடிகட்டவேண்டும், மனிதர்கள் மறப்பார்கள். சிம்ஃபொனி கட்டமைப்பை உருவாக்கிய ஃபாபியன் பொதான்சியே 2009-இல் இருந்த கருவிகள் பலவற்றையும் ஒப்பிட்டு எழுதினார். ஆர்மின் ரோனக்கர் முந்தைய ஆண்டு எழுதியிருந்த ட்விக் என்ற கருவியைத் தேர்ந்து, பொறுப்பேற்று வளர்த்தார். எதை இட்டாலும் தானே வடிகட்டிவிடுவது அதன் இயல்பு. வேண்டாம் என்றால்தான் சொல்லவேண்டும். 2015-இல் ட்ரூப்பல் 8 தன் பழைய பி.எச்.பி. வார்ப்புருக்களை விட்டு ட்விக்குக்கு வந்தது. ஃபேஸ்புக் 2010-இல் வெளியிட்ட எக்ஸ்.எச்.பி.யும் இதே கவலையில் பிறந்ததுதான்; அது பக்கத்தின் குறிகளை மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே கொண்டுவந்தது.

இரு ஆறுகளும் கலக்கும் இடமும் உண்டு. அலெக்ஸி ரிபாக் எழுதிய பிளிட்ஸ் என்ற கருவி, வார்ப்புருவைப் பி.எச்.பி. ஆக்காமல் முழுக்க சி மொழி நீட்சியாகவே இயங்கியது; வேகத்துக்குப் பெயர் பெற்றது. ஸ்மார்ட்டியும் ட்விக்கும் பி.எச்.பி. நிரலாக மாறுபவை, தொடக்கத்தில் அது பலவீனமாகத் தெரிந்தது. ட்விக்குக்குக்கூட சி மொழியில் ஒரு துணை நீட்சி எழுதப்பட்டது. ஆனால் பி.எச்.பி. நிரலாக மாறிய வார்ப்புரு, பி.எச்.பி.க்கு வந்த ஒவ்வொரு வேகத்தையும் இலவசமாகப் பெற்றது. கட்டளைச் சேமிப்பு அதற்கும் கிடைத்தது. ஏழாம் பதிப்பின் சுருங்கிய பெட்டிகளும் கிடைத்தன. துணை நீட்சி தேவையற்றுப்போய் ட்விக் 2-இல் கைவிடப்பட்டது. ஸ்மியேவ்ஸ்கியின் அந்தப் பழைய எண்ணம் ஸ்டோகோவின் உழைப்பின் தோளில் ஏறிக்கொண்டது. இருவரும் சேர்ந்து திட்டமிட்டதல்ல. திறமூலத்தில் இப்படி நடக்கும்.

நழுவி விழுந்த எழுத்து

இனி கவிஞரின் கேள்விக்குறி.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? குழந்தையும் மூன்று என்று சொல்லும். யூனிகோடு கணக்கில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இணையத்தில் பரவலாக உள்ள யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆக 15 பைட். பி.எச்.பி.யிடம் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். அதற்கு எழுத்து என்றால் பைட். ஸ்மார்ட்டியின் இரண்டாம் பதிப்பில் இருந்த வாக்கியம் வெட்டும் கட்டளையும் பைட்டைத்தான் எண்ணியது. நூறாவது பைட்டில் வெட்டு என்றால், அது ஓர் எழுத்தின் நடு எலும்பாக இருந்தாலும் வெட்டும். வெட்டுப்பட்ட துண்டைப் படிக்க முடியாமல் உலாவி கேள்விக்குறி காட்டும். 2012-இல் வந்த பி.எச்.பி. 5.4 முதல், வடிகட்டும் கட்டளை உள்ளே வருவதை யு.டி.எஃப்.-8 என்றே எடுத்துக்கொண்டது. உடைந்த எழுத்து ஒன்று இருந்தாலும் முழு வாக்கியத்தையும் வெற்றாகத் திருப்பித் தந்தது. எங்கள் முன்னோட்ட வரிகள் மறைந்த மர்மம் இதுதான். 2021-இல் வந்த 8.1-இல்தான் அந்த இயல்பு மாறி, உடைந்த இடத்தில் மட்டும் மாற்றுக்குறி வைக்கும் வழக்கம் வந்தது.

இதைச் சரிசெய்யும் முயற்சி நடக்காமல் இல்லை. 2005 நவம்பரில் மொழியின் முதன்மை நிரலர்கள் பாரிஸில் கூடி ஆறாம் பதிப்புக்குத் திட்டமிட்டார்கள். மொழியின் அடி முதல் முடி வரை யூனிகோடு, ஏ.பி.சி.யையும் உள்ளேயே சேர்ப்பது. பழைய பாதுகாப்பற்ற வசதிகளை நீக்குவது. யூனிகோடு வேலையை முன்னின்று நடத்தியவர் வேறு யாருமல்லர், ஸ்மார்ட்டியை எழுதிய ஸ்மியேவ்ஸ்கியேதான். ஒவ்வொரு சொல்லையும் உள்ளே யு.டி.எஃப்.-16 முறையில் வைப்பது என்று முடிவாயிற்று. அந்த முறையில் 'தமிழ்' 10 பைட்டாகச் சுருங்கும். ஆங்கிலச் சொல்லோ இரு மடங்காக வீங்கும். வெளியே உலகம் யு.டி.எஃப்.-8-இல் பேசிக்கொண்டிருந்தது. ஆகவே வாசலில் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும்போது ஒரு மாற்றம், வெளியே போகும்போது ஒரு மாற்றம். மந்தமும் சிக்கலும் பெருகின. யூனிகோடின் நுட்பம் அறிந்த கைகள் சிலவே. வேலை தேங்கியது. 2010-இல் முயற்சி கைவிடப்பட்டது. பெயர்வெளி, இண்டில் நீட்சி போன்ற நல்ல பகுதிகள் அதற்கு முன்பே, 2009-இல் வந்த 5.3-இல் சேர்ந்துவிட்டன. வெளிவராத ஆறாம் பதிப்புக்குப் புத்தகங்கள்கூட அச்சாகி விற்றன. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவும் சேர்த்துத்தான் அடுத்த பதிப்புக்கு ஏழு என்று பெயர் வைத்தார்கள்.

எழுத்துக்காக எடுத்த முயற்சி மந்தத்தால் வீழ்ந்தது. வேகத்துக்காக எடுத்த முயற்சி அந்த எண்ணைத் தாண்டிப்போய் வென்றது. பி.எச்.பி.யின் நடுவாழ்க்கையை நான் இப்படித்தான் படிக்கிறேன். இதில் யாருடைய சதியும் இல்லை. வேகத்தை அளக்கலாம், பாதி நேரம் என்று அறிவிக்கலாம். உடைந்த எழுத்தின் வலியை அளக்க அளவுகோல் இல்லை. அதை உணர்பவர்கள் அந்தக் கூட்டங்களில் குறைவாக இருந்தார்கள். பைட்டைப் பைட்டாகவே கடத்தும் முறைக்கு ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சொல்லியாகவேண்டும். வெட்டாதவரை அது எதையும் கெடுக்காது. நம் கதைகளும் கட்டுரைகளும் இத்தனை ஆண்டுகளாகப் பழுதில்லாமல் அதன் வழியே ஓடிவந்திருக்கின்றன.

தீர்வுகள் துண்டு துண்டாக வந்தன. எம்.பி.ஸ்ட்ரிங் என்ற நீட்சி யூனிகோடு குறிகளை எண்ணும். அதன்படி 'தமிழ்' ஐந்து. கேள்விக்குறி வராது, ஆனால் நான்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். நம் கணக்கில் எழுத்தை எண்ணுவது இண்டில் நீட்சியின் கிராஃபீம் கட்டளைகள்தான். அவை மூன்று என்று சொல்கின்றன. ஒரு சொல்லை அப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் கட்டளை 2024-இல் வந்த 8.4-இல்தான் சேர்ந்தது. லெர்டார்ஃபின் முதல் வெளியீட்டுக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்.

விக்கிப்பீடியாவிலும் இதே நாடகம் இன்னொரு மேடையில் நடந்தது. 2002 முதல் அது பி.எச்.பி.யில் ஓடுகிறது, 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளில்தான். அதன் வார்ப்புருக்கள் முதலில் வெறும் காலியிடங்கள். தொகுப்பாளர்கள் அவற்றுக்குள் தந்திரமாக நிபந்தனைகளைப் புகுத்தத் தொடங்கினார்கள். 2006-இல் அதற்கென்றே கட்டளைகள் சேர்க்கப்பட்டன. அவை சிக்கலாகிப் பக்கங்களை மந்தமாக்கியதால் 2013-இல் லுவா என்ற முழு நிரல்மொழியே உள்ளே வந்தது. டெரென்ஸ் பார் எச்சரித்த அதே பாதை.

எங்கள் இதழின் கதையையும் முடித்துவிடுகிறேன். கிராஃபீம் கட்டளைகள் வேண்டுமென்றால் இண்டில் நீட்சி வேண்டும். எங்கள் மலிவு வழங்கியில் அது இல்லை. கடைசியில் இயந்திரத்தை நம்புவதை விட்டோம். ஒவ்வொரு படைப்புக்கும் எந்த வரியில் நிறுத்துவது என்று எங்களில் ஒருவர் படித்துப் பார்த்து, முன்னோட்டத்தைக் கையால் எழுதிச் சேர்த்தோம். மாதத்துக்கு ஒரு மணிநேர வேலை. வார்ப்புருவில் வெட்டும் கட்டளையை நீக்கியதால் பக்கம் துளி வேகமாகவும் வந்திருக்கவேண்டும். யாரும் அளந்து பார்க்கவில்லை. இதழ் நின்றுபோகும்வரை அந்தக் கவிஞர் மறுபடி தொலைபேசியில் அழைக்கவில்லை.